ஒரே லேசரில் கெலாய்டு போய்விடுமா?

"ஒரு தடவை லேசர் வைத்தால் போதும், கெலாய்டு வேரோடு போய்விடும், திரும்ப வராது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது உண்மையல்ல.

கெலாய்டு என்பது காயம் ஆறிய இடத்தில் வரும் ஒரு வகைத் தடித்த தழும்பு. ஆனால் எல்லாத் தடித்த தழும்பும் கெலாய்டு இல்லை. காயம் பட்ட கோட்டுக்குள்ளேயே மேடாக நிற்கும் தழும்பு, நாள் போகப்போகத் தானாகவே ஓரளவு அமுங்கக்கூடும். கெலாய்டு அப்படியில்லை. காது குத்திய சின்னத் துளையிலிருந்து கிளம்பி, மடலின் பின்னால் கோலிக்குண்டு போல உருண்டு, காயமே படாத தோலுக்கும் பரவும். அரிக்கும், வலிக்கும்.

இதற்குப் பரவலாகப் பயன்படும் பல்ஸ்டு டை லேசர் 585 அல்லது 595 நானோமீட்டர் ஒளியால், தழும்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சூடாக்கி அடைக்கிறது. சிவப்பும் அரிப்பும் குறையும், மேடு கொஞ்சம் தணியும். அதுவும் சில வார இடைவெளியில் பல முறை செய்த பிறகுதான். சரி, கார்பன் டை ஆக்சைடு லேசரால் சுட்டே எடுத்துவிட்டால்? அதோடு நிறுத்தினால் மீண்டும் வளர்வது சகஜம், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக. கத்தியால் வெட்டினாலும் இதே கதைதான். அதனால்தான் டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, சிலிகோன் ஜெல் தாள் போன்றவற்றையும் சேர்த்துத் தருகிறார்கள்.

அந்தச் செய்தி மறைக்கும் இன்னொன்றுதான் எனக்கு அதிகக் கவலை. கருமையான தோலில்தான் கெலாய்டு அதிகம் வருகிறது. அதே தோலில், நிறம் தரும் மெலனினும் லேசர் ஒளியை உறிஞ்சுவதால், அளவு தவறினால் கொப்புளம், கருந்திட்டு, வெளுப்பு எல்லாம் வரலாம். எந்த லேசர், கூடவே என்ன சிகிச்சை, எத்தனை மாதக் கண்காணிப்பு என்று தோல் மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.