பி.டி. உஷா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கினாரா?

காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் நாலைந்து நாளாக ஒரு படம் சுற்றுகிறது: ‘1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பி.டி. உஷா’. விளையாட்டு விழாவுக்காக எங்கள் தெருப் பிள்ளைகள் அதைச் சார்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வளவில் உட்கார்ந்திருந்த ஆச்சிதான், “அது நாலாவதுன்னு அப்ப பேப்பர்ல படிச்சேனே அப்பா” என்றார். ஆச்சி சொன்னதுதான் சரி.

அது 400 மீட்டர் தடை ஓட்டம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்தப் பந்தயம் வைத்ததே அந்த ஆண்டுதான் முதல்முறை. தங்கம் மொராக்கோவின் நவால் எல் முதவக்கிலுக்கு. மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கிறிஸ்டினா கோஜோகாருவுக்கு 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42. நூறில் ஒரு பங்கு விநாடி! முடிவுக் கோட்டைக் காலோ தலையோ தொட்டால் கணக்கில்லை. உடம்பு, அதாவது நெஞ்சுப் பகுதி எட்ட வேண்டும். பத்துத் தடைகளையும் தாண்டி ஓடிவந்த பிறகு, கடைசிக் காலடியில் நெஞ்சை முன்னே சாய்ப்பதில் போய்விட்டது வெண்கலம். அந்த நாலாம் இடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அதை அழித்துவிட்டு வெண்கலம் என்று எழுதுவது அவர் ஓடிய ஓட்டத்தையே மறைப்பது.

பதக்கம் இல்லாதவரும் அல்ல அவர். 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம், தொடர் ஓட்டத்தில் ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி.

பிள்ளைகள் சார்ட்டைத் திருத்திவிட்டார்கள். 55.42 என்பதைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதியிருக்கிறார்கள்.