லே போறவங்களே, முதல் ராத்திரி ஜிஸ்பாவில் தங்குங்க

ஜூன் பிறந்தால் போதும், என் டைம்லைன் முழுக்க மணாலியிலிருந்து லடாக்கின் லே போகும் பைக் படங்கள்தான். சென்னை, கோவை, மதுரை என்று நம்ம பசங்க கும்பல் கும்பலாகக் கிளம்புகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் பகிரும் பயணத் திட்டத்தில் ஒரு வரியைப் படித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்: "முதல் நாள், மணாலி டூ சார்ச்சு. இரவு கூடாரத்தில் தங்கல்."

அந்த வரியை அடித்துவிட்டு ஜிஸ்பா என்று எழுதுங்கள்.

ஹிமாசலத்தின் லாஹௌல் பக்கம், கேலாங் தாண்டி 20 கிலோமீட்டர் சொச்சம் போனால் பாகா ஆற்றங்கரையில் வரும் சின்ன ஊர் ஜிஸ்பா. சுற்றிலும் உருளைக்கிழங்கு, பட்டாணி வயல்கள். நெடுக வில்லோ மரங்கள். உயரம் ஏறக்குறைய 3,200 மீட்டர். மணாலி 2,050. சார்ச்சு 4,290. கணக்கு இவ்வளவுதான். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், படுத்துத் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாதே என்கிறார்கள் மலை மருத்துவர்கள். பகலில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் முக்கியம். அந்தக் கணக்குக்கு ஜிஸ்பாவே கொஞ்சம் அதிகம்தான், முடிந்தால் இரண்டு ராத்திரி தங்கலாம். நம்மாள் என்னடாவென்றால் ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறிப்போய்க் கூடாரத்தில் படுக்கிறான். விடிய விடியத் தலைவலி, வாந்தி, தூக்கமும் கிடையாது. காலையில் அதே தலையோடு பைக் ஓட்ட வேண்டும்.

முன்பெல்லாம் இந்த அவசரத்துக்கு வழியே இல்லை. ரோதாங் கணவாயில் ஏறி இறங்குவதற்குள்ளேயே பாதி நாள் போய்விடும். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்ததும் மணாலிக்கும் கேலாங்குக்கும் நடுவே 46 கிலோமீட்டர் குறைந்துவிட்டது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பே அறுந்து கிடந்த லாஹௌல் மக்களுக்கு அது பெரிய வரம். நாமோ மிச்சமான நேரத்தில் இன்னும் மேலே ஏறிவிடுகிறோம். மதிய சாப்பாட்டுக்கே ஜிஸ்பா வந்துவிடுகிறது, "இங்கே உட்கார்ந்து என்ன பண்ண?" என்று வண்டியை முறுக்குகிறார்கள்.

சார்ச்சுவில் இன்னொரு வில்லங்கம். ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது, சீசனுக்குப் போட்டுச் சீசன் முடிந்ததும் பிரித்துவிடும் கூடாரங்கள்தான். மலைநோய் முற்றினால் உடனே கீழே இறக்கு என்பதுதான் முதல் வைத்தியம். சார்ச்சுவிலிருந்து எப்படி இறக்குவீர்கள்? திரும்பி வர 4,890 மீட்டர் உயர பாரலாச்சா லா கணவாயை ஏறிக் கடக்கணும். லே பக்கம் போனால் கட்டா லூப்ஸ் என்கிற 21 கொண்டை ஊசி வளைவுகள், அதற்கப்புறம் 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுங் லா கணவாய். மூச்சு வாங்குகிறவனைக் கீழே இறக்க முதலில் மேலே ஏற்ற வேண்டிய இடம் அது! நடுராத்திரியில் யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் ஜிஸ்பாவில் தங்கிய வீட்டில் மரப்படிக்கட்டு. நண்பன் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினான். அடுப்படியிலிருந்து வீட்டுக்கார அம்மா ஹிந்தியில் ஒரு அதட்டல்: "மெதுவா ஏறு தம்பி. இங்க ஓடுறவன்தான் ராத்திரி வாந்தி எடுப்பான்." பிறகு ஆவி பறக்கும் துக்பாவை, அதாவது நூடுல்ஸ் சூப்பை, கொண்டுவந்து வைத்தார். அவன் பசியில்லை என்றதும் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பாதியாவது குடிக்கும்வரை நகரவில்லை. சாராயம் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடி என்று உத்தரவு வேறு.

இதே பயணத்துக்கு முதலில் நாங்கள் பேசிய ஏஜென்ட், சார்ச்சுவை மாற்றச் சொன்னதற்கு, "ஒரு நாள் எக்ஸ்ட்ரா ஆகும் சார், ஆக்ஸிஜன் கேன் தர்றோம், கவலைப்படாதீங்க" என்றார். அந்தக் கேன் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். கீழே இறங்குவதற்கு அது ஈடே இல்லை. மலைநோய் வராமலிருக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையும் டாக்டரைக் கேட்டுத்தான் போடணும். சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஜிஸ்பாவில் தங்கினால் இன்னொரு லாபம். பாரலாச்சா போகும் வழியில் ஜிங்ஜிங்பார் பக்கம் பனியுருகி ரோட்டின் குறுக்கே ஓடும் ஓடைகளில் காலையில் தண்ணீர் குறைவு. வெயில் ஏற ஏறப் பெருகி, மத்தியானத்துக்கு மேல் சைலன்சர் முங்கும். விடியற்காலை ஜிஸ்பாவில் கிளம்பினால் சுலபமாகத் தாண்டிவிடலாம்.

"அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு: ஆற்றங்கரையில் நடங்கள். இந்த பாகாதான் கீழே தாண்டி என்ற ஊரில் சந்திரா நதியோடு சேர்ந்து, செனாப் ஆகப் பாகிஸ்தான் வரை போகிறது. இதன் குறுக்கே பெரிய அணை கட்டும் திட்டம் ஒன்று உண்டு. வயலும் வீடும் முழுகிவிடும் என்று ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக எதிர்த்து வருகிறார்கள். சாயங்காலம் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள், நிறையச் சொல்வார்கள்.

பெட்ரோலை அந்தத் தாண்டி ஊரிலேயே நிரப்பிவிடுங்கள். மறுநாள் காலையிலும் தலைவலி விடவில்லையென்றால் பாரலாச்சா பக்கம் வண்டியைத் திருப்பவே வேண்டாம். இன்னும் ஒரு நாள் ஜிஸ்பாவிலேயே படுத்திருங்கள். மோசமானால் கேலாங்கில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆற்றோரமாகவே இறங்கிப் போய்விடலாம், நடுவில் கணவாய் எதுவும் கிடையாது.