ஈஸ்ட்டின் இன்ட்ரான்கள் கழிவு அல்ல

ஈஸ்ட்டின் மரபணுக்களைப் பற்றி ஒருவர் மேடையில் ஆற்றிய உரையின் துணுக்கு எல்லோருடைய பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மரபணுவின் நடுவே இருந்து, அதன் ஆர்.என்.ஏ. படியிலிருந்து வெட்டி நீக்கப்படும் துண்டுதான் இன்ட்ரான். "இன்ட்ரான் என்பது செல் வெட்டி வீசும் கழிவு. ஈஸ்ட் கெட்டிக்காரத்தனமாக அதைத் தூக்கி எறிந்துவிட்டது" என்கிறார் அந்தப் பேச்சாளர். அரங்கம் கைதட்டுகிறது. நான் எழுதிய மறுப்புக்கு அவர் தந்த பதிலையும் பார்த்திருப்பீர்கள்: "மக்களுக்குப் புரியும்படி பேசத் தெரியாதவர்களுக்கு வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும்."

வயிற்றெரிச்சல் இல்லை. சொன்னது தவறு, அவ்வளவுதான்.

ஆய்வகங்களில் நாம் வளர்க்கும் ஈஸ்ட்டில் சுமார் 6,000 மரபணுக்கள் உண்டு. அவற்றில் இன்ட்ரான் உள்ளவை 300-க்கும் குறைவு. இதுவரை அவர் பேச்சு சரி. மிச்சமிருப்பவை எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டாமா? ரைபோசோம் புரதங்களுக்கான 137 மரபணுக்களில் ஏறக்குறைய 100-இல் இருக்கின்றன. புரதம் தயாரிக்கும் இயந்திரத்துக்கே உறுப்புகளைத் தரும் மரபணுக்கள் அவை. வேகமாக வளரும் செல்லில் உருவாகும் தூது ஆர்.என்.ஏ.க்களில் (புரதம் செய்வதற்கான செய்தியை மரபணுவிலிருந்து கொண்டுபோகும் படிகள்) கால் பங்குக்கும் மேல் இன்ட்ரான் உள்ள மரபணுக்களிலிருந்தே வருகிறது. வேண்டாததை எறிகிற உயிர், இத்தனை முக்கியமான இடத்திலா அதை விட்டுவைக்கும்? (பிளவு ஈஸ்ட் என்ற வேறொரு ஈஸ்ட் இனத்தில் ஏறக்குறைய பாதி மரபணுக்களில் இன்ட்ரான் உண்டு. எந்த ஈஸ்ட் என்றாவது சொல்லியிருக்கலாம்.)

இன்ட்ரானை நீக்கினால் என்ன ஆகும் என்பதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். சில மரபணுக்களில் தூது ஆர்.என்.ஏ.வும் புரதமும் குறைகின்றன, சிலவற்றில் கூடுகின்றன. ரைபோசோம் மரபணுக்கள் பல இரட்டையாக இருப்பதால், ஒன்றின் இன்ட்ரானில் கைவைத்தால் சில சமயம் மற்றதன் அளவும் மாறுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஆர்.பி.எல்.30 என்ற ரைபோசோம் மரபணு. அது தரும் புரதம் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டால், இன்னும் வெட்டப்படாத தன் சொந்த ஆர்.என்.ஏ.விலேயே போய் ஒட்டிக்கொண்டு, இன்ட்ரான் நீக்கப்படுவதைத் தடுத்துவிடும். உற்பத்தி தானாகக் குறையும். இன்ட்ரான் இல்லாவிட்டால் இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வரும்?

"நீக்கினாலும் ஈஸ்ட் நன்றாகத்தானே வளர்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். மாணவப் பருவத்தில் நானும் ஒரு மரபணுவின் இன்ட்ரானை நீக்கி, அந்த ஈஸ்ட்டையும் அதன் மூல வகையையும் ஒரே தட்டில் அடுத்தடுத்துக் கோடிட்டு வளர்த்தேன். மறுநாளுக்கு மறுநாள் பார்த்தால் இரு பக்கமும் ஒரே அளவு, ஒரே வெண்மை. என் வழிகாட்டி தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றும் இல்லை, வேறு வேலையைப் பார்" என்றார். எதிர்த்துப் பேச அன்று எனக்குத் துணிவில்லை. தட்டு குப்பைத் தொட்டிக்குப் போனது.

அந்தத் தட்டில் சர்க்கரையும் சத்தும் நிறைந்திருந்தன. 2019-இல் நேச்சர் இதழில் வந்த இரண்டு ஆய்வுகளும் பட்டினியில் என்ன நடக்கிறது என்று பார்த்தன. கனடாவில் ஷெரீஃப் அபு எலெலாவின் குழு ஈஸ்ட் மரபணுக்களில் அறியப்பட்ட இன்ட்ரான்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக நீக்கியது. சத்து தீர்ந்தபோது, பெரும்பாலானவற்றில் இன்ட்ரானை இழந்த செல்கள் பின்தங்கின. அந்த மரபணுவின் புரதமே உருவாகாதபடி தடுத்தபோதும் அதே விளைவுதான்; அதாவது வேலை செய்வது இன்ட்ரான், புரதம் அல்ல. பட்டினியில் ரைபோசோம் உற்பத்தியை அடக்க இன்ட்ரான்கள் உதவுகின்றன என்பது அவர்கள் முடிவு. அமெரிக்காவில் டேவிட் பார்டெலின் குழு, வெட்டப்பட்ட பிறகும் அழியாமல் சேரும் 34 இன்ட்ரான்களைக் கண்டது. வெட்டி வீசப்பட்டதாகச் சொன்னீர்களே, அவைதான் செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதில் பங்கேற்கின்றன.

"இன்ட்ரான் இல்லாத மரபணுவைக் கொடுத்துத்தானே ஈஸ்ட்டில் மருந்துப் புரதங்களைத் தயாரிக்கிறோம்?" தயாரிக்கிறோம். அது நம் தேவை, ஈஸ்ட்டின் தேவை அல்ல. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை.

"எளிமைப்படுத்தும்போது கொஞ்சம் விடுபடத்தான் செய்யும்" என்பவர்களுக்கு மட்டும் சொல்ல நிறைய இருக்கிறது. விடுபட்டால் பரவாயில்லை, இங்கே தலைகீழாகிவிட்டது. அந்த அரங்கில் முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் மாணவர்கள். "ஒன்றும் இல்லை" என்று ஒருவர் மேடையிலிருந்து சொல்லிவிட்டால், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க எந்த மாணவி இனிக் கையைத் தூக்குவாள்? வழிகாட்டியிடம் போய் இதைத் தலைப்பாக எப்படிக் கேட்பாள்? எனக்குப் பேசத் தெரியாது என்றார், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆண்டுக்கணக்கில் ஒரு சின்ன உயிரோடு உட்கார்ந்திருப்பவர்களின் வேலையை ஒரு கைதட்டலுக்காகக் கழிவு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அந்தத் துணுக்கின் கீழே ஒரு வரி திருத்தம் போடுங்கள் என்றுதான் கேட்டேன். இப்போதும் அதையேதான் கேட்கிறேன். என் மறுப்பை நீக்கச் சொல்லி உள்பெட்டிக்கு வருபவர்கள் வர வேண்டாம், நான் நீக்கப்போவதில்லை.