உண்மை விளக்கம்: எஃப்சிங்க் தோற்றால் மறுபடி அழைத்தால் போதுமா?

எஃப்சிங்க் (fsync) என்பது, எழுதிய தரவை டிஸ்க்கில் சேர்த்துவிடும்படி நிரல் இயங்குதளத்துக்கு விடுக்கும் அழைப்பு. "டிஸ்க்கில் எழுதும்போது பிழை வந்தால் எஃப்சிங்க்கை மறுபடி அழையுங்கள், இரண்டாம் முறை வெற்றி என்று வந்தால் தரவு பத்திரம்" என்றொரு குறிப்பு சுற்றி வருகிறது. லினக்ஸில் இது தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

நிரல் எழுதும் தரவு முதலில் போய்ச் சேருவது நினைவகத்தில் இருக்கும் பேஜ் கேஷுக்குத்தான். 'எழுதியாயிற்று' என்ற பதிலும் அப்போதே வந்துவிடும். இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் அதைப் பிறகு சாவகாசமாக டிஸ்க்குக்கு அனுப்பும். அந்த நேரத்தில் டிஸ்க் மக்கர் செய்தால், எஃப்சிங்க் அழைக்கும்போதுதான் நிரலுக்குத் தெரியவரும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஈஎக்ஸ்டி4 (ext4) போன்ற கோப்பு முறைமைகளில், எழுத முடியாமல் போன பக்கத்தையும் (கேஷில் உள்ள தரவுத் துண்டையும்) கர்னல் 'இனி எழுத வேண்டியதில்லை' என்று குறித்துவிடுகிறது. மறுபடி அழைத்தால் அனுப்ப எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் அந்த 'வெற்றி'! கோப்பைத் திறந்து சரிபார்த்தாலும் பயனில்லை. கேஷில் இருக்கும்வரை புதிய தரவே தெரியும். கணினியை மறுபடி இயக்கினால் பழையதுதான் இருக்கும்.

2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழு இதில் நன்றாகவே மாட்டிக்கொண்டது. 2019இல் வந்த 11.2 பதிப்பிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளம் மறுமுயற்சி செய்யாமல் வேண்டுமென்றே விழுந்து (கிராஷ் ஆகி), மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டிலிருந்து அவற்றை மீண்டும் எழுதுகிறது. முரட்டு வைத்தியம்தான், ஆனால் நேர்மையானது.

ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளில் எழுதிவைக்கும் ரெய்டு 1 (RAID 1) இருந்தால்? ஒரு டிஸ்க் போனால் அதை ஒதுக்கிவிட்டு மற்றதில் எழுதும். நிரலுக்குப் பிழையே தெரியாது. பிழை நிரல்வரை வந்துவிட்டதென்றால், கையிலிருக்கும் பிரதியிலிருந்து தரவைப் புதிதாக எழுதிவிட்டுத்தான் எஃப்சிங்க் அழைக்க வேண்டும், முடிந்தால் வேறு டிஸ்க்கில்.