கொரிய அரசியின் இயற்பெயர் ‘செம்பவளம்’ அன்று

கொரிய நாட்டின் கயா அரசை ஆண்ட சூரோ மன்னரின் மனைவி ஹோ ஹ்வாங் ஓக், பாண்டிய நாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற தமிழ்ப் பெண் என்றும், ‘செம்பவளம்’ என்ற அவருடைய பெயரே கொரிய மொழியில் பெயர்க்கப்பட்டது என்றும் ஒரு செய்தி தொடர்ந்து பகிரப்படுகிறது. இது சரியன்று.

அவரைப் பற்றிய பழைய விரிவான சான்று, 13ஆம் நூற்றாண்டில் இல்யோன் என்னும் பௌத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’. கி.பி. 48இல் வந்திறங்கிய அப்பெண், தாம் ஆயுத்த நாட்டு இளவரசி என்றும், குடிப்பெயர் ஹோ, பெயர் ஹ்வாங் ஓக், வயது பதினாறு என்றும் அரசரிடம் சொல்வதாக அந்நூல் கூறுகிறது. அதில் ‘செம்பவளம்’ என்ற பெயரோ பாண்டிய நாடோ இல்லை.

பெயரின் பொருளும் பொருந்தவில்லை. ‘ஹ்வாங்’ மஞ்சள் நிறத்தையும், ‘ஓக்’ ஜேட் எனப்படும் மணிக்கல்லையும் குறிக்கும் சீன எழுத்துகள். பவளத்துக்கு ‘சன்ஹோ’ என்ற வேறு சொல் கொரிய மொழியில் உண்டு. மஞ்சள் மணிக்கல் செம்பவளமாக மாற எந்த மொழிவழியும் இல்லை. அவர் வந்த கப்பலின் பாய் சிவப்பு என்று நூல் சொல்வது உண்மைதான்; ஆனால் பாயின் நிறம் பெயருக்குச் சான்றாகாது.

ஆயுத்தம் எங்கே இருந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அயோத்தி என்று கொண்டோர் 2001இல் அங்கே நினைவிடம் எழுப்பினர். தென்னாட்டோடு இணைப்போரும் உண்டு. அந்த ஆய்வு நடக்கட்டும். செம்பவளம் அழகான தமிழ்ச் சொல். மகளுக்கு அப்பெயரைச் சூட்ட விரும்புவோருக்குக் கொரிய அரசியின் துணை தேவையில்லை.