மொழியும் வணிகமும்: மேற்படிப்புக்கு இடம் தேடுமுன்

பன்னாட்டு வணிகத்திலோ மொழித்துறையிலோ முதுகலை படிக்க விரும்பும் பிள்ளைகள் பலர், தரவரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆலோசனை கேட்க வருகிறார்கள். எந்த மொழியில், எந்த அளவுக்குத் தேர்ச்சி இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால், "அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்" என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. இந்த எண்ணம்தான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. இரண்டாண்டு முதுகலைப் படிப்பு மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்றுத்தருவதற்கானது அன்று; ஏற்கெனவே கைவந்த மொழியைத் தொழிலுக்கு ஏற்பத் தீட்டித் தருவதற்கானது.

ஜப்பானிய மொழியை எடுத்துக்கொள்வோம். நம் மாணவர்கள் பெரிதும் நம்பியிருக்கும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் சொல், இலக்கண அறிவையும், படிப்பதையும் கேட்பதையும் மட்டுமே சோதிக்கிறார்கள். பேச்சுத் தேர்வும் இல்லை, கட்டுரை எழுதுவதும் இல்லை. ஆகவே அதன் ஐந்து நிலைகளில் மேலிருந்து இரண்டாவதான என்2 சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர், ஒரு கூட்டத்தில் பத்து நிமிடம் தொடர்ந்து பேசத் திணறுவது இயல்பே. வாய்மொழி மொழிபெயர்ப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்விலோ, சில நிமிடப் பேச்சைக் கேட்டுவிட்டு, அதன் வாதம் சிதையாமல் மற்றொரு மொழியில் அப்போதே திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1983-இல் தொடங்கப்பட்ட லாடர் நிறுவனம் எம்பிஏவையும் பன்னாட்டு ஆய்வில் முதுகலையையும் சேர்த்துத் தருகிறது. அதன் மொழிப் பிரிவுகளில் சேர்வதற்கும் பேச்சுத்திறன் முதலிலேயே வேண்டும்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் இருக்கிறது. மாநாட்டு மொழிபெயர்ப்புத் துறையில் தாய்மொழித் தரத்தில் ஆளும் மொழியை ஏ என்றும், அதற்கு அடுத்த நிலையில் பேசிப் பணியாற்றும் மொழியை பி என்றும், புரிந்துகொள்ள மட்டும் முடிகிற மொழியை சி என்றும் வகைப்படுத்துகிறார்கள். ஜெனீவாவில் 1941 முதலும் பாரிசின் எசித் பள்ளியில் 1957 முதலும் இக்கலை கற்பிக்கப்படுகிறது. ஆனால் அங்கே தமிழ் பயிற்சி மொழியாக இல்லை. எனவே நம் மாணவர் ஆங்கிலத்தையே ஏ மொழியாகக் காட்டியாக வேண்டும். ஆங்கில வழியில் படித்தோம் என்பது அதற்குப் போதாது.

அடுத்து, நிறுவனம் நிலைத்து நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்புக் கல்விக்கு உலகெங்கும் பெயர்பெற்றது கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் 1955-இல் தொடங்கிய நிறுவனம். அதன் நேரடி முதுகலைப் படிப்புகளை 2027-க்குள் முடித்துக்கொள்வதாக, அதை நடத்தும் மிடில்பரி கல்லூரி 2025 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. அரிசோனாவில் பழைய விமானப் பயிற்சித் தளத்தில் 1946-இல் தொடங்கி, வணிகம், அயல்மொழி, வட்டார ஆய்வு மூன்றையும் இணைத்துக் கற்பித்த தண்டர்பேர்டு, நிதி நெருக்கடிக்குப் பின் 2014 இறுதியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இரண்டும் தரத்தில் குறைந்தவை அல்ல என்பதுதான் வருத்தம். தனித்து நிற்கும் சிறிய பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கை குறைந்தால் தாங்கும் வலு இருப்பதில்லை; நற்பெயரை மட்டும் நம்பிக் கல்விக்கடன் வாங்குவது ஆபத்து.

கடன் என்றதும் விசாவும் நினைவுக்கு வர வேண்டும். அமெரிக்காவில் ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்புகளின் பட்டியலில் இல்லாத படிப்பை முடித்தவருக்கு, மாணவர் விசாவிலேயே பணிப்பயிற்சி பெற விடும் ஓபிடி வழியே வேலை பார்க்க ஓராண்டுதான் கிடைக்கும். அந்த ஓராண்டுச் சம்பளத்தைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே பெற்றோர் வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துச் செல்லட்டும்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள ஜப்பானிய, கொரிய நிறுவனங்களில் பணியாற்றுவதே நோக்கம் என்றால், இவ்வளவு செலவு தேவையா என்பதையும் யோசிக்கலாம். மொழிக்கு ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமான இஃப்ளுவும், டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமான ஜேஎன்யூவும் இருக்கின்றன. வணிகத்துக்கு 1963-இல் தொடங்கப்பட்ட இந்திய அயல்நாட்டு வணிக நிறுவனமான ஐஐஎஃப்டி இருக்கிறது.

எங்கே சேர்வதாக இருந்தாலும், முன்பணம் கட்டுமுன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் மொழி இணையில், அதாவது நீங்கள் மொழிபெயர்க்கப்போகும் இரண்டு மொழிகளில், சென்ற ஆண்டு எத்தனை பேர் இறுதித் தேர்வில் தேறினார்கள், அவர்களில் அயல்நாட்டு மாணவர்கள் எங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள், ஒரு வகுப்பை இணையவழியில் பார்க்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரான பதில் தராமல் விளம்பரக் கையேட்டை மட்டும் அனுப்பும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.