வேம்பு செய்தால் மட்டும் தப்பா?

'சூப்பர் டீலக்ஸ்' பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வருகிற பதில், "நல்ல படம்தான், ஆனா குடும்பத்தோட பாக்க முடியாது." 2019-ல் வந்த படம், இன்னும் அதே பல்லவி. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏ சான்றிதழ் வாங்கிய படம், பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்க்க வேண்டாம், சரி. ஆனால் இவர்கள் கவலை பிள்ளைகளைப் பற்றியதே இல்லை. கணவன் இல்லாத நேரத்தில் பழைய காதலனை வீட்டுக்குக் கூப்பிட்ட வேம்புவைத்தான் இவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இதே ஆட்கள் டிவியில் 'சின்ன வீடு' ஓடினால் மூன்று தலைமுறையாக உட்கார்ந்து சிரிக்கிறார்கள். மனைவி குண்டாக இருக்கிறாள் என்று பிடிக்காமல் இன்னொருத்தியைத் தேடிப் போகிறவனின் கதை, 1985-ல் வந்தது. பத்து வருடம் கழித்து 'சதி லீலாவதி'யிலும் அதே நடிகை கல்பனாதான் குண்டு மனைவி, அங்கேயும் கணவன் வேறொருத்தி பின்னால் போகிறான். நடுவில் 1987-ல் 'ரெட்டை வால் குருவி', மோகனுக்கு இரண்டு மனைவிகள், இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கர்ப்பம். இந்தப் பின்னிரண்டையும் இயக்கிய பாலு மகேந்திரா மேல் எனக்கு மரியாதை உண்டு, 'சதி லீலாவதி'யில் கோவை சரளா வருகிற இடங்களில் இன்றும் சிரிப்பேன். ஆனால் முதல் மனைவி உயிரோடிருக்க இரண்டாவது கல்யாணம் செய்வது இந்துக்களுக்கு ஏழு வருடம் வரை ஜெயில் கிடைக்கக்கூடிய குற்றமய்யா! குற்றம் செய்கிறவன் ஆண் என்றால் அது குடும்பப் படம்.

வேம்பு அப்படி என்ன செய்துவிட்டாள்? கூப்பிட்டவன் கட்டிலிலேயே செத்துப்போகிறான், கணவன் முகில் வீட்டுக்கு வந்ததும் மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். பிணத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு அதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று இரண்டு பேரும் படுகிற அந்த அலைச்சலில்தான் கல்யாணமான நாளிலிருந்து பேசாததையெல்லாம் பேசுகிறார்கள், கத்துகிறார்கள், திட்டிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச ஒரு பிணம் விழ வேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு குரூரமாகவும் இவ்வளவு சிரிப்பாகவும் தமிழில் வேறு யாரும் எடுத்து நான் பார்க்கவில்லை. இதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து "அவளுக்கு என்ன குறை?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. குறை என்னவென்று தானே அவள் படம் முழுக்கச் சொல்கிறாள்?

அதே படத்தில் மாணிக்கமாக வீட்டைவிட்டுப் போனவர் புடவை கட்டிய திருநங்கை ஷில்பாவாகத் திரும்பி வருகிறார். ஊரே முகம் சுளிக்கிறது, மகன் ராசுக்குட்டி மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் ஒட்டிக்கொள்கிறான். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற மனசு நம் பெரியவர்களுக்கு இல்லை.

படத்துக்கு ஆறு மாதம் முன்னால்தான், 2018 செப்டம்பரில், உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை ரத்து செய்தது. அதுவரை அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்தவனை அவளுடைய கணவன் ஜெயிலுக்கு அனுப்பலாம், ஆனால் அந்தக் கணவனே சம்மதித்திருந்தால் குற்றமில்லை. தன் புருஷன் வேறொருத்தியோடு போனால் மனைவி அந்தப் பிரிவில் புகார்கூடக் கொடுக்க முடியாது. அவளை ஒரு சொத்தாகவே நடத்திய பிரிவு அது. அது போய்விட்டது, அந்தப் புத்தி போகவில்லை.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் கணவனோடு வாழப் பிடிக்கவில்லை என்று வந்து நின்றாள். "குடிக்கிறானா? அடிக்கிறானா? அப்புறம் என்ன?" அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. பிடிக்கவில்லை என்பதை யாரும் ஒரு காரணமாகக் காதில் வாங்கவே இல்லை. ஒரு வருடம் பிரிந்திருந்து, இரண்டு பேரும் சேர்ந்து வாழ முடியாது என்று ஒத்துக்கொண்டு மனு போட்டால், யார் மேல் தப்பு என்று நிரூபிக்கச் சொல்லாமலே கோர்ட்டு விவாகரத்து கொடுக்கிறது. சித்தப்பாவும் அத்தையும்தான் நிரூபிக்கச் சொல்லி அவள் உயிரை எடுக்கிறார்கள்.